பவனா ஏரிக்கு ஒரு நாள்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் குழுப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயான், ஆன்டாப் ஹில், தாராவி, செம்பூர் பகுதிகளில் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒருநாள் பயணம் போகிறோம். இந்த ஆண்டு லோனாவாலாவை அடுத்த பவனா ஏரிக்குப் போகிறோம். நவராத்திரி முடிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை. பெயர் கொடுத்தவர்களும், கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

லோனாவாலாவா? அது தெரிந்த ஊர்தானே?

தெரிந்த ஊர்தான். ஆனால் எப்படித் தெரியும் என்று நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாகர்கோவிலுக்கோ சென்னைக்கோ போகும் ரயில் கல்யாணைத் தாண்டி, கர்ஜத்தில் நின்று, மலை ஏறி லோனாவாலா வழியாகத்தான் போகிறது. நாற்பது ஆண்டுகளாக அந்த வழியில் போய்வருகிறார்கள். பெரும்பாலும் இரவில், தூக்கத்தில். சன்னல் வழியாக ஒரு பாக்கெட் சிக்கி (அந்த ஊர்க் கடலைமிட்டாய்) வாங்கியதோடு சரி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊருக்கு ஓடிய ஓட்டத்தில் நடுவே இறங்க ஒரு காரணமும் இருந்ததில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பாட்டி ஒருவர் என்னிடம், "அந்த மலையைப் பகலில் பார்த்ததே இல்லை" என்றார். இடம் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆகவே இது முதலில் வயதானவர்களுக்கான பயணம். இளையவர்களும் குழந்தைகளும் தாராளமாக வரலாம். நடை மட்டும் பெரியவர்களின் நடையாகவே இருக்கும்.

ஏன் மழைக்காலத்தில் போகவில்லை? லோனாவாலா என்றாலே மழைதானே?

மழையில் அந்த ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஜூலையில் சனி, ஞாயிறுகளில் மலைச்சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். பாறைகள் வழுக்கும். மூட்டுவலிக்காரர்களை அந்தக் கூட்டத்தில் இறக்கிவிட மனம் ஒப்பவில்லை. மழை ஓய்ந்த பிறகு அணைகள் நிரம்பி இருக்கும், மலைகளில் பசுமை மிச்சம் இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். மும்பையில் அக்டோபர் வெயில் நம்மை வாட்டும்போது, 600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் லோனாவாலாவில் காலைக் காற்று குளிர்ச்சியாகவே இருக்கும்.

நவராத்திரிக்குள் போகாததற்கும் காரணம் உண்டு. கார்லா குகையை ஒட்டி இருக்கும் ஏகவீரா தேவி கோயில், மும்பையின் மீனவர்களான கோலி மக்களின் குலதெய்வக் கோயில். அந்த ஒன்பது நாளும் மலை முழுக்கக் கூட்டம் இருக்கும். அவர்கள் திருவிழாவுக்கு நடுவே நாம் வேடிக்கை பார்க்கப் போவது முறையல்ல.

ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லோரும் வரலாமே?

ஞாயிறு என்றால் சென்ட்ரல் லைனில் மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். அதிகாலையில் போய்ச் சேர்ந்தாலும் வீடு திரும்பும் நேரம் நம் கையில் இருக்காது. மறுநாள் விடியலில் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சனிக்கிழமை போனால் ஞாயிறு முழுவதும் காலை நீட்டிப் படுக்கலாம்.

ரயிலா, பஸ்ஸா?

ரயில். முதல் ஆண்டு வேறோர் இடத்துக்குத் தனியார் பஸ் பிடித்துப் போனோம். வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. ஓட்டுநர் சாப்பாட்டுக்கு நின்றது ஒரே இடத்தில், அங்கே பெண்களுக்குக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பெரியம்மா மயங்கி விழுந்தார். நல்லவேளையாக உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்ததில் தெளிந்துவிட்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குகிறோம்.

போகும்போது இந்திராயணி எக்ஸ்பிரஸ். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து அதிகாலை 5.40-க்குப் புறப்படுகிறது. சயான், தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர்க்காரர்கள் தாதரில் ஏறுங்கள். முல்லுண்டுக்காரர்கள் தானேக்கும், டோம்பிவிலிக்காரர்கள் கல்யாணுக்கும் வந்துவிடுங்கள். எட்டு மணியைத் தாண்டி லோனாவாலாவில் இறங்குவோம். திரும்புவதும் அதே பெயருள்ள ரயிலில்தான். மாலை ஏழரை வாக்கில் லோனாவாலாவுக்கு வரும், தாதர் வந்துசேர இரவு பத்தாகிவிடும். நேரம் மாறினால் முதல் நாளே எல்லோருக்கும் போன் செய்து சொல்வோம்.

டிக்கெட் நாங்களே எடுக்க வேண்டுமா? மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா?

எடுக்க வேண்டாம், நாங்கள் எடுக்கிறோம். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத் திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் பெயர் சேர்க்க முடியாது என்பதால் 42 பேருக்கு ஏழு டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரே பெட்டியில் கிடைக்க வேண்டுமானால் திறந்த அன்றே எடுத்தாக வேண்டும். பெயர், வயதைச் சீக்கிரம் தரச்சொல்லி நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ ஒவ்வொருவரும் கையில் வைத்திருங்கள்.

ரயிலில் என்ன பார்க்கலாம்?

கர்ஜத்துக்குப் பிறகு தூங்காதீர்கள். யார் தூங்கினாலும் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிட வேண்டும்.

கர்ஜத்தில் ரயில் சில நிமிடம் நிற்கும். அங்கே வடா பாவ் விற்பார்கள். அந்த நேரத்தில் ரயிலின் பின்னால் கூடுதல் என்ஜின்களைக் கோப்பார்கள். மேலே ஏறும் போர் காட் பாதையில் 37 அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். முன்னால் இருக்கும் என்ஜின் மட்டும் இழுத்தால் போதாது, பின்னாலிருந்தும் தள்ள வேண்டும். அதன்பிறகு குகை, வெளிச்சம், பள்ளத்தாக்கு, மறுபடியும் குகை என்று மாறிமாறி வரும். மழை ஓய்ந்த சில வாரங்கள்வரை பாறைகளில் மெல்லிய நீர்க்கோடுகள் இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. வெடிவைத்துப் பாறையைப் பிளந்து வழி செய்த வேலையில் விபத்திலும் காலராவிலும் செத்துப்போன தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே இறந்துபோனார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேலையை நடத்தினார். நம் குழுவில் கணவர் போன பிறகு கடையையும் வீட்டையும் தனியாகத் தூக்கி நிறுத்திய பெண்கள் நால்வர் இருக்கிறார்கள். அந்த மலையைக் கடக்கும்போது இந்தக் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

காலைச் சாப்பாடு?

மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, மாட்டுங்கா சந்தையில் வாங்கிய வாழையிலையில் கட்டி வரும். கல்யாணைத் தாண்டியதும் கொடுத்துவிடுவோம். சர்க்கரை நோயாளிகள் லோனாவாலா வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கப் பெட்டி கொண்டுவருகிறோம்.

லோனாவாலாவில் இறங்கியபின்?

மூன்று டெம்போ டிராவலர் வண்டிகள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். ஒரு வண்டிக்குப் பதினான்கு பேர். யார் எந்த வண்டி என்பது முன்பே எழுதியிருக்கும், கடைசிவரை மாறாது. வண்டி மாறினால்தான் தலை எண்ணும்போது ஆள் குறைகிறது.

முதலில் கார்லா குகை. வெயில் ஏறுமுன் படி ஏறிவிடலாம். பிறகு பவனா ஏரிக்கரை. அங்கே சாப்பாடு, ஓய்வு. நாலரைக்குப் புறப்பட்டு லோனாவாலா கடைத்தெரு, பிறகு ரயில். ஒரே நாளில் டைகர் பாயின்ட், லோஹகட் கோட்டை எல்லாம் சேர்க்கச் சொல்லி இளைஞர்கள் கேட்டார்கள். சேர்க்கவில்லை. ஏழு இடம் காட்டும் பயணத்தில் வண்டிக்குள் இருக்கும் நேரமே அதிகம்.

முழங்கால் வலி. கார்லாவில் ஏற முடியுமா?

வண்டி பாதி மலை வரைக்கும் போகும். அங்கிருந்து படிகள். ஏற முடியாதவர்கள் கீழேயே டீக்கடைப் பக்கம் நிழலில் உட்காரலாம். உங்களோடு பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று யாரும் வீம்புக்கு ஏற வேண்டாம்.

ஏறுகிறவர்களுக்கு: இந்தியாவின் குடைவரைச் சைத்தியங்களில், அதாவது பாறையைக் குடைந்து செய்த பௌத்த வழிபாட்டுக் கூடங்களில், மிகப் பெரியது இது. ஏறத்தாழ 45 மீட்டர் நீளம், இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. உள்ளே போனதும் தலையை உயர்த்திப் பாருங்கள். மேல் வளைவில் இருப்பவை மர விட்டங்கள். கல்லைக் குடைந்த காலத்திலேயே பொருத்திய மரம் இன்னும் நிற்கிறது. தூண்களில் தானம் கொடுத்தவர்களின் ஊரும் பெயரும் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. வணிகர்கள், துறவிகள், யவனர்கள் எல்லோரும் அதில் உண்டு. நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் பழக்கத்துக்கு எவ்வளவு பெரிய பரம்பரை இருக்கிறது! நுழைவுக் கட்டணம் 25 ரூபாய், பயணக் கட்டணத்திலேயே அடங்கும். பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். குரங்குகள் இருக்கும், கையில் தின்பண்டப் பை வேண்டாம்.

பவனா ஏரி இயற்கையானதா?

இல்லை. பவனா ஆற்றின் குறுக்கே 1970-களில் வந்த அணையின் நீர்த்தேக்கம். சுற்றிலும் லோஹகட், விசாபூர், திகோனா, துங் என்று நான்கு கோட்டைமலைகள். திகோனா என்றால் முக்கோணம், பார்த்தவுடனே அடையாளம் தெரியும்.

ஏரி அழகானது. அதன் அடியில் ஊர்கள் இருந்தன என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். நிலம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று கரையில் கூடாரம் போட்டும் சமைத்துக் கொடுத்தும் பிழைக்கிறார்கள். கோடையில் நீர் இறங்கும்போது வாகேஷ்வர் என்ற பழைய சிவன் கோயில் வெளியே தெரியும். மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டுமே, அதுபோல. சேலம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. நாம் போகும் மாதத்தில் கோயில் நீருக்குள்தான் இருக்கும்.

லோனாவாலாவைச் சுற்றி இவ்வளவு அணைகள் ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

மலைத்தொடரின் உச்சியில் கொட்டும் மழையைப் பிடித்து, அப்படியே மேற்கே செங்குத்தாக இறக்கினால் மின்சாரம் எடுக்கலாம் என்பது ஜம்சேட்ஜி டாடாவின் கனவு. அவர் 1904-இல் காலமானார். லோனாவாலா, வல்வண், ஷிரவ்டா ஏரிகளில் தேக்கிய நீரைக் குழாய்களில் ஏறத்தாழ 500 மீட்டர் கீழே கோபோலிக்கு இறக்கி, 1915-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த மின்சாரத்தில் மும்பையின் பஞ்சாலைகள் ஓடின. ஆலைகளை நம்பி இந்த நகரத்துக்கு வந்த குடும்பங்கள் நம் தெருக்களிலும் உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஏரிகளின் நீர் இயல்பாகக் கிழக்கே ஓடி வங்கக் கடலுக்குப் போக வேண்டியது. குழாயில் திருப்பியதால் மேற்கே இறங்கி அரபிக் கடலுக்குப் போகிறது. நாம் பார்க்கப் போகும் பவனாவோ பழைய வழியிலேயே போகிறது. பவனா முளா ஆற்றில் சேரும், பிறகு பீமா, பிறகு கிருஷ்ணா. அந்தக் கிருஷ்ணாவிலிருந்து கால்வாயில் வரும் நீர்தான் பூண்டி வழியாகச் சென்னைக் குழாய்களில் வருகிறது. கரையில் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

குளிக்கலாமா? காலையாவது நனைக்கலாமா?

கூடாது. இதில் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை.

நீர்த்தேக்கத்தின் கரை ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரி இருக்காது. இரண்டடி வரைக்கும் தரை தெரியும், மூன்றாவது அடியில் சரிவு. அடியில் சேறு, காலை வைத்தால் இழுக்கும். பழைய மரக்கட்டைகள் கிடக்கும். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்தேன் என்று சொல்பவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறார்கள். ஆற்று நீச்சல் சேற்றில் உதவாது.

2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவின் பூஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் நின்றிருந்த ஒரே குடும்பத்தினர் ஐந்து பேர், திடீரென ஏறிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2025 ஜூன் 15 அன்று அதே மாவல் வட்டத்தில் குண்ட்மலா என்ற இடத்தில், இந்திராயணி ஆற்றின்மேல் கூட்டம் ஏறி நின்ற பழைய இரும்புப் பாலம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். எல்லோருமே நம்மைப்போல் ஒருநாள் மகிழ்ச்சிக்காகப் போனவர்கள்.

கரையிலிருந்து பத்தடி தள்ளிக் கயிறு கட்டுவோம். குழந்தைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். இரண்டு பேர் சாப்பிடாமல் காவல் நிற்பார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள்.

படகு?

இந்த முறை இல்லை. 42 பேருக்கும் சரியான அளவில் உயிர்காப்பு உடை இருக்கும் என்ற உறுதி கிடைக்கவில்லை.

மதியம் சாப்பாட்டில் சோறு உண்டா?

இந்தக் கேள்வி பதினோரு பேரிடமிருந்து வந்தது. உண்டு, உண்டு.

ஏரிக்கரைக் கிராமத்துப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள். பாக்கரி, கடலைமாவில் செய்யும் பிட்லா, பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த தேச்சா, பருப்பு, சோறு. பாக்கரியைச் சூடாகத் தின்று பாருங்கள், நம் கம்பு ரொட்டியின் உறவுதான். தேச்சா காரம் கடுமையானது, வயிற்றுப்புண் இருப்பவர்கள் தொட வேண்டாம். நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவருகிறோம். தயிர்சாதம் அதிகாலையில் கலந்து மதியம் திறப்பது, ஆகவே பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசையச் சொல்லியிருக்கிறோம்.

தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரம் குடிப்பது இந்த நீரைத்தான். ஏரியில் தட்டு கழுவக் கூடாது, சோப்பும் கூடாது. பாட்டிலில் தண்ணீர் தருவோம்.

கழிப்பறை?

ரயிலில், லோனாவாலா ஸ்டேஷனில், ஏரிக்கரையில் சாப்பிடும் இடத்தில். கடைசியில் சொன்னதை நம் குழுவின் இரண்டு பெண்கள் போன மாதம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மேற்கத்திய வகை ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது, தண்ணீர் வருகிறது. ஆகவே தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு?

பெரியவர்களுக்கு 1,100 ரூபாய், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 700. ரயில், வண்டி, இரண்டு வேளைச் சாப்பாடு, டீ, நுழைவுக் கட்டணம் எல்லாம் அடங்கும். மிச்சம் வந்தால் கணக்கோடு திருப்பித் தருவோம். வர முடியாமல் போனால் பத்து நாள் முன்பு சொன்னவர்களுக்கு ரயில் கட்டணம் தவிர மற்றது திரும்பக் கிடைக்கும்.

பணம் இல்லை என்பதால் யாரும் வராமல் இருக்க வேண்டாம். பொறுப்பாளரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊரில் பிள்ளைகள் நன்றாக இருக்கும் சில குடும்பங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்பது பொறுப்பாளரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சிக்கி வாங்க நேரம் உண்டா?

முக்கால் மணி நேரம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் மென்மை வேறு. லோனாவாலா சிக்கி தட்டையானது, கடித்தால் உடையும். பல்செட் கட்டியவர்கள் நிலக்கடலையைப் பொடித்துச் செய்யும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள்.

அம்மா தனியாக வருகிறார். தொலைந்துவிட்டால்?

ஒவ்வொருவர் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ ஒரு சீட்டு இருக்கும். அதில் பெயர், வண்டி எண், பொறுப்பாளர் போன் எண், உங்கள் போன் எண் ஆகியவை தமிழிலும் மராத்தியிலும் எழுதியிருக்கும். ஏரிப் பக்கம் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. அழைத்து எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், கரையை விட்டு மேலே ஏறியதும் நாங்களே கூப்பிடச் சொல்கிறோம்.

இரவு பத்து மணிக்குத் தாதரில் இறங்கி வீட்டுக்கு எப்படி?

பகுதிவாரியாகச் சேர்த்து டாக்சியில் அனுப்புவோம். தனியாக இருக்கும் பெரியவர்களை இளைஞர் ஒருவர் வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கதவு திறந்ததைப் பார்த்துவிட்டுப் போன் செய்வார். தானேயிலும் கல்யாணிலும் இறங்குகிறவர்கள் வீடு சேர்ந்ததும் நீங்களே சொல்லுங்கள். 42 பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரியும்வரை நான் விழித்திருப்பேன், எத்தனை மணியானாலும் கூப்பிடலாம்.